தவறினால் அடுத்தது எப்போது?

சென்ற மாத இளையர் சந்திப்பில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். தைப்பூசத்துக்கு ஊரிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், சாங்கியில் இறங்கியதிலிருந்து அவர்களை எப்படிக் கூட்டி வருவது, அங்கிருந்து ஜொகூர், பத்துமலை என்று போக வேண்டியிருந்தால் எப்படித் திட்டமிடுவது என்று. பொறுப்பாளர் அண்ணன் உடனே என்னைக் கை காட்டினார். நான் இதில் கெட்டிக்காரன் என்பதால் இல்லை. 2025 தைப்பூசத்துக்கு நான் பண்ணின தப்பு அவருக்குத் தெரியும். பாடத்தை அந்தத் தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

என் பெரியம்மா புதுக்கோட்டையில் இருக்கிறார். அவர் மகன், அதாவது என் அண்ணன், இங்கே கட்டுமானத் துறையில் வேலை செய்கிறார். முந்தைய ஆண்டு வேலையிடத்தில் விழுந்து முதுகில் அடிபட்டு, இரண்டு மாதம் படுத்திருந்து எழுந்தார். 'அவன் எழுந்து நடந்தா தேங் ரோட்டு முருகனுக்குப் பால்குடம் எடுக்கிறேன்' என்று பெரியம்மா வேண்டிக்கொண்டார். 48 நாள் விரதம். விமானத்தில் அதற்குமுன் ஏறியதே இல்லை. தைப்பூசம் இங்கே பொது விடுமுறை இல்லை என்பதால் அண்ணனுக்கு அந்த ஒருநாள்தான் விடுப்பு கிடைத்தது. மற்ற எல்லா ஏற்பாடும் என் தலையில். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கணினியில் வண்ண வண்ணமாக அட்டவணை போட்டேன்.

திருச்சியிலிருந்து நேரடி விமானம். டிக்கெட்டில் இருந்தது: பிப்ரவரி 8, சனிக்கிழமை, 00.25 மணி. நான் வாட்ஸ்அப்பில் பெரியப்பாவுக்கு எழுதியது: 'சனிக்கிழமை ராத்திரி 12.25 ஃப்ளைட். ஒன்பதரைக்கு ஏர்போர்ட்ல இருக்கணும்.'

சொன்ன மாதிரியே சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்குப் பெட்டியோடு இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். நுழைவாயிலில் டிக்கெட்டைப் பார்த்த காவலர், 'இது நேத்து ராத்திரியே போயிருச்சேம்மா' என்றார்.

விமான நிறுவனத்தின் நினைவூட்டல் இரண்டு தடவை என் மின்னஞ்சலுக்கு வந்திருந்தது. ஒப்படைப்பு வாரம் என்று நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அன்று போனில் பெரியம்மா என்னைத் திட்டவில்லை. 'சரிப்பா, இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல' என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

இது எனக்கு மட்டும் வரும் தப்பு இல்லை. நம் பஞ்சாங்கத்தில் ஒரு நாள் சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயத்தில் முடிகிறது. அந்தக் கணக்கில் வெள்ளி இரவு 12.25 இன்னும் வெள்ளிக்கிழமைதான். நம் வீட்டுப் பெரியவர்கள் அப்படித்தான் பேசுவார்கள், நாமும் அப்படித்தான் பேசுகிறோம். விமான டிக்கெட்டோ நள்ளிரவில் நாளை மாற்றிவிடுகிறது. இரண்டு கணக்கும் தனித்தனியே சரி. ஒன்றை மற்றதாகப் படித்தால்தான் வம்பு. தமிழ்நாட்டிலிருந்து இங்கு வரும் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டியே கிளம்புவதால் இந்த வம்புக்கு வாய்ப்பும் அதிகம். இப்போது நான் எழுதும் முறை இது: 'வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும். அன்னைக்கு ராத்திரி சாப்பாடு ஏர்போர்ட்ல.' விமான நேரத்தைச் சொல்வதைவிட வீட்டு வாசல் நேரத்தைச் சொல்வது மேல். அவர்கள் கையில் இருப்பது அந்த நேரம்தான்.

அன்று இரவு விமானத்தில் இடம் இல்லை. மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு வழி தேடினேன். ஞாயிறு காலை திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து வேறொரு விமானத்தில் சிங்கப்பூர். இரண்டும் தனித்தனி டிக்கெட். நடுவில் இரண்டு மணி பத்து நிமிடம். நேரடி விமானத்தைவிட நூறு வெள்ளிக்கு மேல் மலிவு. பணம் கட்டும் பக்கம் வரை போய்விட்டேன். பக்கத்தில் நின்ற அம்மா கேட்டார்: 'அது தவறிப்போச்சுன்னா அடுத்தது எப்போ?'

அந்தக் கேள்விதான் இந்தப் பாடம். நான் போட்டிருந்த அட்டவணையில் ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு நேரம் ஆகும் என்று இருந்தது. தவறினால் என்ன ஆகும் என்று ஒரு கட்டத்திலும் இல்லை. ரயில் தவறினால் அடுத்தது சில நிமிடத்தில். நேரடி விமானம் தவறினால் அடுத்தது மறுநாள், அதுவும் இடம் இருந்தால். தைப்பூசம் தவறினால் அடுத்த ஆண்டு. அப்படியானால் கையில் இருக்கும் உபரி நேரத்தை எல்லாக் கட்டத்துக்கும் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துப் போடுவதில் அர்த்தமில்லை. எது தவறினால் மீட்க முடியாதோ அதன் முன்னால் மொத்தமாகக் குவிக்க வேண்டும். முதலில் பயணத்துக்கு என்ன காரணமோ அதை எழுதுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

எங்கள் பாடத்தில் தொடர் அமைப்பு என்று ஒன்று வரும். எல்லாக் கண்ணியும் வேலை செய்தால்தான் மொத்தமும் வேலை செய்யும். ஒவ்வொரு கண்ணியும் நூற்றுக்கு 95 தடவை சரியாக நடக்கும் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆறு கண்ணி இருந்தால் 0.95-ஐ ஆறு தடவை பெருக்க வேண்டும். வருவது 0.735. அதாவது நான்கில் ஒரு பயணம் எங்கோ இடறும். கண்ணியை நான்காகக் குறைத்தால் 0.81-க்கு மேல் ஏறுகிறது. ஒவ்வொரு கண்ணியையும் வலுவாக்குவதைவிட, ஒன்றிரண்டை எடுத்துவிடுவது பல சமயம் சுலபம்.

அந்தக் கோலாலம்பூர் வழியில் எத்தனை கண்ணி என்று அம்மாவோடு உட்கார்ந்து எண்ணினேன். ஒரே முன்பதிவில் வாங்கிய இணைப்புப் பயணம் என்றால் பொதுவாகப் பெட்டி கடைசி ஊர் வரை தானே போகும், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டில் அப்படி இல்லை. பெரியம்மா மலேசியக் குடிநுழைவைத் தாண்டி உள்ளே போக வேண்டும், பெட்டியை எடுக்க வேண்டும், புறப்பாட்டு மாடியைக் கண்டுபிடிக்க வேண்டும், மறுபடி பெட்டியைப் போட வேண்டும், மறுபடி பாதுகாப்புச் சோதனை, மறுபடி குடிநுழைவு. கோலாலம்பூரில் முனையம் 1, முனையம் 2 இரண்டும் வெவ்வேறு கட்டடங்கள், நடுவில் ரயில் ஏற வேண்டும். முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் வெறும் காகிதம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு மலேசியாவில் விசா விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனாலும் மின்னிலக்க வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்ப வேண்டும். இவ்வளவும் தமிழ் மட்டுமே தெரிந்த, முதல் தடவை பறக்கும் ஒருவர், தனியாக.

திங்கட்கிழமை 00.25 நேரடி விமானத்தையே எடுத்தேன். டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த 410 வெள்ளி போனது. இந்தத் தடவை 'ஞாயிற்றுக்கிழமை ராத்திரி' என்று பெரியப்பாவைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஞாயிறு ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. பெரியம்மா அப்போது கிளம்ப மாட்டார் என்று தெரியும். அதனால் ஆறரைக்குக் கிளம்பினால் போதும் என்று அமைத்தேன். ராகு காலத்தைப் பற்றி வாதம் பண்ணுவதைவிட அதையும் ஒரு கட்டுப்பாடாக அட்டவணையில் சேர்ப்பது சுலபம். என் வகுப்புத் தோழர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

தனி டிக்கெட் விஷயம் மறுபக்கமும் பொருந்தும். உங்கள் உறவினர் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஒரு டிக்கெட், சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியா இன்னொரு டிக்கெட் என்று மலிவாக வாங்கிவிட்டு, 'சும்மா மாறித்தானே போறோம், சிங்கப்பூர் விசா எதுக்கு' என்பார்கள். பெட்டியை வெளியே வந்து எடுத்து மறுபடி போட வேண்டியிருந்தால் அது சும்மா மாறுவது இல்லை, சிங்கப்பூருக்குள் நுழைவது. இந்தியக் கடப்பிதழுக்கு விசா வேண்டும். ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கா போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா இருந்து, மூன்றாவது நாட்டுக்குப் போகும் டிக்கெட்டும் இருந்தால் 96 மணி நேர விசா இல்லா இடைமாற்று வசதி உண்டு. அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன, கிளம்பும் முன் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் படித்துவிட வேண்டும். ஊரில் பெட்டியைப் போடும்போது கட்டும் பட்டையில் மூன்று எழுத்து இருக்கும். அது எந்த ஊர் என்று பார்த்தாலே பெட்டி எங்கே இறங்கும் என்று தெரிந்துவிடும்.

சிங்கப்பூருக்கு வரும் எல்லா வருகையாளரும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசாங்கத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். நான் 8-ஆம் தேதி என்று நினைத்து நிரப்பியதை 10-க்கு மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. இப்போது கடப்பிதழில் முத்திரை குத்துவதில்லை, எத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதி மின்னஞ்சலில் வருகிறது. பெரியவர்களிடம் மின்னஞ்சல் இருக்காது, அல்லது பேரன் ஆரம்பித்துக் கொடுத்து மறந்துபோன ஒன்று இருக்கும். உங்கள் முகவரியைக் கொடுங்கள், வந்ததும் திறந்து பாருங்கள். விசா எதுவரை செல்லும் என்பது வேறு, இந்தத் தடவை எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெட்டியைப் பற்றி ஒன்று மட்டும். குழம்புக்கு என்று கசகசா கட்டிக் கொடுக்க வேண்டாம் என்று ஊருக்குச் சொல்லிவிடுங்கள். அங்கே மளிகைச் சாமான், இங்கே போதைப்பொருள் சட்டத்தின் பக்கம் வருகிற பொருள். வாயில் போடும் புகையிலையும் கூடாது.

பெரியம்மாவிடம் கொடுக்கச் சொல்லி ஒரு தாள் அனுப்பினேன், தமிழில் பெரிய எழுத்தில். பெரியப்பா ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தார். 'இறங்கியதும் கூட்டம் போகும் பக்கம் போங்க. கடப்பிதழைக் காட்டுற இடத்துல இந்தத் தாளையும் காட்டுங்க. பெட்டியை எடுங்க. கண்ணாடிக் கதவைத் தாண்டினதும் நான் நிப்பேன். நான் தெரியலேன்னா அங்கேயே நில்லுங்க, நடக்காதீங்க.' கீழே ஆங்கிலத்தில் எங்கள் முகவரி, என் எண். வெளிநாட்டு சிம், வைஃபை எதையும் நம்பவில்லை. இரண்டு பேரும் தேடி நடந்தால் சாங்கியில் சந்திப்பது கஷ்டம், ஒருவர் நின்றால் சுலபம். சக்கர நாற்காலி உதவி கேட்டிருக்கலாம், விமான நிறுவனத்திடம் முன்கூட்டிச் சொன்னால் ஏற்பாடு செய்வார்கள், துணைக்கு ஆளும் வருவார். பெரியம்மா 'நல்லா நடக்கிற காலுக்கு நாற்காலி எதுக்கு' என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம். உண்மையில் நடக்க முடியாதவர்களுக்கு அது கிடைக்கட்டும்.

சாங்கியில் முனையம் 1, 2, 3 மூன்றும் ஸ்கைடிரெயினால் இணைந்தவை, நடுவில் ஜுவல். பெருவிரைவு ரயில் நிலையம் முனையம் 2, 3 பக்கம். முனையம் 4 தனியே இருக்கிறது, பேருந்தில்தான் வர வேண்டும். ஆகவே எத்தனை மணிக்கு இறங்குகிறார் என்பதோடு எந்த முனையம் என்பதையும் அன்றைக்குக் காலையில் மறுபடி பாருங்கள். முதல் ரயில் காலை ஐந்தரை வாக்கில், ஞாயிறு இன்னும் கொஞ்சம் தாமதம். இரவில் பதினொன்றைத் தாண்டி இறங்குபவர்களுக்கு ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை டாக்சி மீட்டரில் பாதி கூடுதல் சேரும், விமான நிலையக் கூடுதல் கட்டணம் தனி.

அங்கிருந்து தேக்காவுக்கு எப்படி வருவது? இங்கே எனக்குப் பிடித்த ஒரு சங்கதி இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து ஒரே நிலையம் தள்ளி எக்ஸ்போ. அங்கே டௌன்டௌன் பாதைக்கு மாறினால் லிட்டில் இந்தியா வரை மாறாமல் வரலாம். தனா மேரா போய் மாறும் பழைய பழக்கம் நிறைய பேருக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் வரைபடத்தைக் கூர்ந்து பாருங்கள். இந்தப் பாதை ஜாலான் புசார் வரை நேரே வந்துவிடுகிறது. ஜாலான் புசாரில் இறங்கினால் தேக்காவுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடைதான். ரயிலிலேயே உட்கார்ந்திருந்தால் அது பென்கூலன், ஃபோர்ட் கேனிங், சைனாடௌன் என்று ஊரைச் சுற்றிவிட்டு, பூகிஸ், ரோச்சோர் வழியாக லிட்டில் இந்தியாவுக்கு வரும். கூடுதலாகப் பத்து நிலையம்! ரயில் வரைபடம் எது எதோடு இணைகிறது என்று காட்டும், எது எதற்குப் பக்கம் என்று காட்டாது. கோயம்புத்தூரிலிருந்து வந்த நண்பர்களை நான் ஜாலான் புசாரில் இறக்கித்தான் நடத்திக் கூட்டி வந்தேன். முதுகுப்பை மட்டும் இருந்ததால் சரி. பெட்டி, பை, வயசானவர் என்றால் சுற்றி வருவதே நல்லது, உட்கார்ந்தாவது வரலாம். வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தட்டியும் ரயிலில் போகலாம், ஆனால் நாளுக்கு 60 காசு நிர்வாகக் கட்டணம் சேரும். கொஞ்ச நாள் தங்குபவர்களுக்கு நம்மிடம் இருக்கும் பழைய ஈசிலிங்க் அட்டையில் பணம் போட்டுக் கொடுப்பது மேல்.

பெரியம்மா இறங்கியது திங்கள் காலை 7.05. ரயில் கட்டணம் மூன்று வெள்ளிக்குள், டாக்சி முப்பது வெள்ளியை ஒட்டி வரும். வேலைக்குப் போகும் கூட்டத்தில் பெட்டியோடு, தூங்காத, விரதத்தில் இருக்கிற ஒருவரை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. டாக்சி எடுத்தேன். கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்தவர் அந்தத் தாளை நாலாக மடித்துக் கையில் பிடித்திருந்தார். சொன்னபடி அங்கேயே நின்றார். எனக்குத்தான் வேறு வாசலில் நின்று பார்த்துவிட்டு ஓடி வர வேண்டியிருந்தது.

இன்னொரு நள்ளிரவு மிச்சம் இருந்தது. தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய். பெருமாள் கோயிலிலிருந்து பால்குடங்கள் முந்தின இரவே கிளம்பத் தொடங்கிவிடும். நாங்கள் முடிவு செய்தது செவ்வாய் அதிகாலை 2 மணி, அதாவது அண்ணன் கணக்கில் 'திங்கள் ராத்திரி'. விடுதியில் இருக்கும் அவருக்கு நான் எழுதியது: 'திங்கட்கிழமை வேலை முடிஞ்சதும் நேரா எங்க வீட்டுக்கு வந்துடுங்க, ராத்திரி இங்கேதான்.' வந்தார். எட்டு மணிக்குப் பெரியம்மா தூங்கினார், ஒரு மணிக்கு எழுந்து குளித்தார். சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயில் வரை நடந்தே போனோம். அங்கிருந்து தேங் ரோடு வரை அண்ணன் அவருக்குப் பக்கத்திலேயே நடந்தார். நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னால்.

அதற்கு அடுத்த வாரம் ஜொகூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போக ஆசைப்பட்டார். குவீன் ஸ்திரீட் நிலையத்திலிருந்து பேருந்து ஏறினால் ஒன்றரை மணி நேரம் என்று எல்லாரும் சொல்வார்கள். நெரிசல் நாளில் அந்தக் கணக்கெல்லாம் நிற்காது. எல்லைச் சாவடியில் பெட்டி, பை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும், பேருந்து காத்திருக்காது, பின்னால் வருவதில் ஏற வேண்டும் என்பதைப் பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது விசா: ஒருமுறை நுழைவா, பலமுறை நுழைவா? ஒருமுறை என்றால் ஜொகூர் போகலாம், சிங்கப்பூர் திரும்ப முடியாது, ஊருக்குப் போகும் விமானம் சாங்கியில் நிற்கும். அம்மாவின் கேள்வியை இங்கேயும் கேட்டுப் பாருங்கள். பெரியம்மாவின் விசா பலமுறை நுழைவு. போய் வந்தார்.

அடுத்த சந்திப்புக்கு ஒரு பயிற்சி. 2026 தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிறு. ஒருவருடைய சித்தப்பா பால்குடம் எடுக்க வருகிறார், ஞாயிறு அதிகாலை 2 மணி என்று முடிவாகியிருக்கிறது. அவர் வாங்க நினைக்கும் விமானம் ஜனவரி 31, சனிக்கிழமை இரவு 11.20-க்கு முனையம் 4-இல் இறங்குகிறது. 'ரெண்டே முக்கால் மணி நேரம் இருக்கே, தாராளம்' என்கிறார். தாளில் கண்ணிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே அது தவறினால் அடுத்தது எப்போது என்று குறித்து, அவருக்கு என்ன சொல்வீர்கள் என்று ஒரு பத்தி எழுதிக் கொண்டு வாருங்கள். வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்புவது போலவே எழுத வேண்டும்.